கண்ணாடி டப்பா, பிளாஸ்டிக் டப்பா, எங்க ஊட்டு டப்பா

டப்பா விக்கறவனுக்கு ஊருல அத்தனை ஊட்டுச் சமையலும் அத்துப்படி; சாப்பிடக் கூப்பிடத்தான் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு பாத்திரக் கடையில, டப்பா செக்சன்ல பதினெட்டு வருசமா நிக்கறேன். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் பிளாஸ்டிக், நடுவுல நான். வாரவங்க பேசறதை அவங்கவங்க கொரல்லயே சாயங்காலம் ஊட்டுக்குப் போயி என் சம்சாரம் சரசுகிட்ட பேசிக் காட்டுவேன். அவ சிரிச்சாத்தான் எனக்கு அன்னிக்குக் கடை சாத்தின மாதிரி.

போன வருசம் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையில புடிமானம் போயிருச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த பத்தாம் நாளு, கொழம்பு ஊத்தி வெச்ச கண்ணாடி டப்பா கை நழுவி வுழுந்து காலுல தையல். மறுநாளே ஊட்டுல இருந்த கண்ணாடியெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல ஏத்திட்டு, அலமாரி பூரா பிளாஸ்டிக்கா அடுக்கிட்டேன். அவளை ஒரு வார்த்தை கேக்கல. அன்னில இருந்து அவ சிரிக்கல. கண்ணாடியை எறக்குங்கங்கறா அவ, மாட்டேங்கறேன் நான். உங்க ஊட்டுலயும் யாருக்காச்சும் கையில தெம்பு போயிருந்தா இந்த வழக்கு எப்படிப்பட்டதுன்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல.

போட்டுக் காட்டுங்க

ஜேடர்பாளையத்துல இருந்து ஒரு விவசாயி சம்சாரத்தோட வந்தாரு. அந்தம்மா கண்ணாடி டப்பாவை எடுத்தாங்க, அவரு வாங்கித் திரும்ப வெச்சாரு. மூணு தடவை எடுத்தாங்க, மூணு தடவை வெச்சாரு. "கை தவறி வுழுந்தா ஒடையாதுங்களா?"ன்னு என்னைக் கேட்டாரு. கெட்டிக் கண்ணாடிங்க, லேசுல ஒடையாதுன்னேன். "அப்பப் போட்டுக் காட்டுங்க"ன்னுட்டாரு.

சுத்தி நாலு பேரு கூடிட்டாங்க. நல்ல வேளை, மொதலாளி வெளிய போயிருந்தாரு. முட்டி ஒசரத்துல இருந்து வுட்டேன். டங்குனு ஒரு சத்தம், ரெண்டு உருளு, அவ்வளவுதான். ஒரு கீறல்கூட இல்ல. கூட்டம் கையத் தட்டுச்சு. அவரு மொகம் மட்டும் தொங்கிப் போச்சு. சம்சாரம் அந்தப் பக்கம் திரும்பினதும் என் காதுகிட்ட வந்தாரு: "ஒடைஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இப்ப எதைச் சொல்லி இவளைக் கூட்டிட்டுப் போறதுங்க?"

லாரிக்குப் போற தொக்கு

லாரி டிரைவர் சம்சாரம் ஒருத்தி, முப்பது வயசு இருக்கும். புருசன் அஸ்ஸாம் பக்கம் லோடு ஏத்திட்டுப் போறாராம். தக்காளித் தொக்கு குடுத்து வுட டப்பா வேணும்னா. நானே சொன்னேன்: "அந்தக் குலுக்கலுக்குக் கண்ணாடி தாங்காது சாமி. பிளாஸ்டிக் எடுத்துக்க. எண்ணெய் ஏறிக் கறை புடிக்கும், வாடை போகாது, ஆனா முழுசா ஊடு வந்து சேரும்."

ரெண்டையும் கையில வெச்சு மாத்தி மாத்திப் பாத்தா. அப்பறம் பிளாஸ்டிக்கை என்கிட்டயே நீட்டிட்டா. "பிளாஸ்டிக்குனா அவரு பாட்டுக்குத் தின்னுட்டு ஓட்டிட்டு இருப்பாருங்ணா. கண்ணாடின்னா ஒடைஞ்சு போச்சுன்னு சொல்றதுக்காச்சும் ஒரு போன் வரும்."

வீடியோ காலு

ஆட்டையாம்பட்டியில இருந்து ஒரு அம்மா. பெங்களூருல இருக்கற மகன் வீடியோ கால்ல. "பிளாஸ்டிக்குல சுடு சோறு போட்டுத் திங்காதம்மா, ஒடம்புக்கு ஆகாது. அண்ணா, அம்மாவுக்குக் கண்ணாடியாவே குடுங்க"ன்னு போனுக்குள்ள இருந்தே எனக்கும் உத்தரவு. நானும் போனைப் பாத்து ஒவ்வொண்ணாக் காட்டி, அவன் தலையாட்டினதையெல்லாம் எடுத்து வெச்சேன். போனை அணைச்சதும் அந்தம்மா சொன்னாங்க: "நல்லாச் சுத்திக் கட்டிக் குடுங்க. பீரோவுல வெச்சு அவன் வாரப்ப எடுத்துக்கறேன். எனக்கு அந்தப் பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்குதுங்க, அது போதும்."

எழவூட்டு டப்பா

எங்க பக்கம் எழவு வுழுந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்க. அக்கம்பக்கத்துல இருந்துதான் சோறு போகும். அதுக்குன்னே டப்பா வாங்க வாரவங்க உண்டு. ஒரு டீச்சரம்மா வந்தாங்க. மூடி நல்லா உக்கார்ற பிளாஸ்டிக்கா எடுத்துக் காட்டினேன். "இதெல்லாம் எதுக்குங்க, இருக்கறதுலயே மட்டமா ஆறு குடுங்க. எழவூட்டுக்குப் போறதைத் திருப்பிக் கேக்கவா முடியும்? போனாப் போகட்டுங்கற டப்பாவா இருந்தாப் போதும்"ன்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் புத்தி கெட்டுப்போயி, மூக்கால இழுத்துப் பேசற அந்த டீச்சரம்மா கொரல்லயே சரசுகிட்ட அப்படியே பேசிக் காட்டிட்டேன். முடிச்சப்பறந்தான் பாத்தேன். அவ கண்ணு அலமாரியில நான் அடுக்கி வெச்ச பிளாஸ்டிக் மேல நின்னுச்சு.   அவ கேட்டது இதுதான்: "ஏனுங்க, எனக்கும் போனாப் போகட்டுங்கற டப்பாதானுங்களா?"

ஒரு கஸ்டமர்

அடுத்த வாரம் டவுன் பஸ் ஏறித் தனியாக் கடைக்கே வந்துட்டா. நான் ஒருத்தன் நிக்கறதே தெரியாத மாதிரி நேரா ஸ்டெல்லாகிட்ட போனா. ஸ்டெல்லா என் கூட டப்பா செக்சன்ல நிக்கற சேலத்துப் புள்ள. "நல்ல கண்ணாடி டப்பா ஒண்ணு காட்டு சாமி"ன்னா சரசு.

நான் குறுக்க பூந்து யாவாரக் கொரல்ல, "இது கனமுங்க, உங்களுக்கு லேசா ஒண்ணு..."ன்னு இழுத்தேன். சரசு எடது கையில டப்பாவைத் தூக்கினா. தோளு ஒசரத்துக்குத் தூக்கிப் புடிச்சு, என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அவ கை நடுங்கல. நான்தான் வுழுந்தாப் புடிக்க ரெண்டு கையையும் கீழ நீட்டிட்டு நின்னேன். ஸ்டெல்லா அதை வாங்கித் துணிப் பையில போட்டு, அவ தோள்ல மாட்டி வுட்டுட்டு எங்கிட்டத் திரும்பினா: "வாங்க வந்தவங்களை வேண்டாம்னு தொரத்தற சேல்ஸ்மேனை இன்னிக்குத்தாண்ணா பாக்கறேன்."

நாலு கிளிப்பு

மறுநாள் காலையில தனக்கு மத்தியானத்துக்குச் சாப்பாட்டை அதுலயே போட்டு வெச்சா. சோறு, ஒரு ஓரமாப் பீன்ஸ் பொரியல். எனக்கும் சமாதானம் ஆகணும்னு ஆசை. "குடு, மூடித் தாரேன்"னு வாங்கினேன். கடையில காட்டிக் காட்டிப் பழகின கை. மூடியோட நாலு பக்கமும் டக்கு டக்குனு கிளிப்பை அமுக்கி, தலைகீழாக் கவுத்து, "ஒரு சொட்டு வெளிய வராதுங்க, பாத்துக்கங்க"ன்னேன். பிளாஸ்டிக் அடுக்கினதுக்கப்பறம் மொத தடவையா லேசாச் சிரிச்சா. அந்தச் சந்தோசத்துலயே கடைக்குப் போயிட்டேன்.

சாயங்காலம் வந்து பாக்கறேன், டப்பா மேசை மேல முழுசா இருக்கு. உள்ள சோறும் முழுசா இருக்கு. அந்தக் கிளிப்பைத் தூக்கணும்னா ஒரு கை டப்பாவைப் புடிக்கணும், இன்னொரு கை நெம்பணும். மடியில வெச்சுப் பாத்திருக்கா, முட்டிக்கு நடுவுல இடுக்கிப் பாத்திருக்கா, கரண்டிக் காம்பை வுட்டுக்கூடப் பாத்திருக்கா. அத்தனை சண்டை போட்டு வாங்கின டப்பாவைத் தொறக்கச் சொல்லிப் பக்கத்தூட்டுல போயி நிக்கறதுக்கு ரோசம். என்னைக் கூப்பிடறதுக்கு அதைவுட ரோசம். நான் தொறந்தேன், பொரியல் ஊசிப்போன வாடை அடிச்சுது. அவ மொகத்தைத் திருப்பிக்கிட்டுச் சொன்னா: "கண்ணாடிங்கறதால உள்ளார இருக்கறது நல்லாத் தெரியுதுங்க. மத்தியானம் பூரா அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

கண்ணாடி வாங்கறதா பிளாஸ்டிக் வாங்கறதான்னு கேட்டு வாரவங்களே, ரெண்டுல எது ஒடையுங்கறதைப் பதினெட்டு வருசமாச் சொல்லி வித்துட்டேன், எது தொறக்குங்கறதைக் கத்துக்கத்தான் எங்க ஊட்டுல ஒருத்தி ஒரு நேரம் பட்டினி கெடக்க வேண்டியிருந்துச்சு.