அவசரத்துக்கு வந்த பொதி

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே அண்ணாச்சி கணினி மையம் வைத்திருந்தார். நரைத்த தாடி, மடித்துக் கட்டிய சாரம். லினக்ஸ் மென்பொருள் எதுவானாலும் மூலநிரலை எடுத்துத் தன் கணினியிலேயே தொகுத்துத்தான் ஏற்றுவார்; பிறர் தொகுத்து வைத்ததைத் தொடமாட்டார். தேநீர்கூட வீட்டுப் பிளாஸ்க்கில்தான்.

மகளின் ஹால்டிக்கெட்டை அச்சிட நான் போன அன்று, வேண்டாததைக் களைவதாக நினைத்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கணினியிலிருந்து நீக்கியிருந்தார். மற்ற மென்பொருள்களை ஏற்றித் தரும் பேக்கேஜ் மேனேஜர் அதை நம்பித்தான் ஓடியது; அதுவும் படுத்துவிட்டது. களைந்ததில் கூடவே போயிருந்த பிரிண்டர் மென்பொருளைத் திரும்ப ஏற்ற வழியில்லை.

"மத்தியானம் மகளுக்குப் பரீட்சை அண்ணாச்சி."

சற்று யோசித்துவிட்டு, யாரோ தொகுத்து இணையத்தில் வைத்திருந்த ஆயத்தப் பொதியை இறக்கிப் பிரித்தார். பேக்கேஜ் மேனேஜர் எழுந்துகொண்டது. ஹால்டிக்கெட்டும் வந்தது. கையோடு அதே பைத்தானை மூலநிரலிலிருந்து தொகுக்க ஆரம்பித்தார்.

"அதான் ஓடுதுல்லா?"

"ஓடுது. அது உங்க அவசரத்துக்கு. இது எனக்கு."

பரீட்சை முடிந்து மகளோடு திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். திரையில் வரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார்.