தீப்தியின் ஜன்னல்

தீப்தியின் பள்ளிக்கூடத்தைப் பார்த்து கொல்கத்தாவின் விக்டோரியா மகாலே முக்காடு போட்டுக்கொண்டதாம். அதன் ஜன்னலுக்குள் சூரியன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையுமாம். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க இப்படிப் பீற்றித் திரிந்தது தீப்தி அல்ல, எதிர்வீட்டுப் பிரேம்குமார். எல்லாம் வயிற்றெரிச்சல்.

எட்டாவது வரை இருவருக்கும் ஒரே வகுப்பறை. இருந்த ஒற்றை ஜன்னலைப் பக்கத்து கோடவுன் சுவர் அடைத்திருந்தது. நடுவில் ஒரு தூண். கடைசி பெஞ்சுக்குக் கரும்பலகையில் பாதிக் கணக்குதான் தெரியும். மீதிக்காகத் தீப்தி கழுத்தை வளைத்து வளைத்துத் தலைவலியோடு வீடு திரும்புவாள். பிரேம் காகித ராக்கெட் விடுவான். கணக்கில் இருவருமே ஃபெயில்.

பிறகு தீப்தியை அவள் அப்பா பவானிபூரில் புதிதாகக் கட்டிய பள்ளியில் சேர்த்தார். பிரேம் படிப்பை விட்டுவிட்டு, கரியாஹாட் நடைபாதையில் மொபைல் கவர் விற்கப் போனான். இப்போது அவள் கணக்கில் வகுப்பிலேயே முதல்.

"மூளையெல்லாம் அதேதான்டா. ரெண்டு பக்கமும் ஜன்னல், போர்டு முழுசா தெரியுது. நீயும் வந்து சேரு, மிஸ்கிட்ட பேசறேன்."

"எனக்குக் கணக்கு வராது. உன் ஜன்னலுக்கு நீயே மாலை போடு, போ."

சரஸ்வதி பூஜையன்று எந்தப் பள்ளிக்குள்ளும் யாரும் நுழையலாம். புத்தகம், பேனாவை மட்டும் யாரும் தொடக் கூடாது. பிரேம் நுழைந்தான். பையில் அழியாத மார்க்கர். அவள் பெஞ்சில் பெரிய கழுதை ஒன்று வரைவதாகத் திட்டம்.

கீழே சங்கு ஊதினார்கள். மாடி வகுப்பறையில் ஒருவருமில்லை. அவள் இடத்தில் உட்கார்ந்தான். காற்று சட்டைக்குள் புகுந்தது. பலகையில் முந்தைய நாள் கணக்கு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தெரிந்தது. இவளுக்கு மட்டும் இதெல்லாம்! பல்லைக் கடித்துக்கொண்டு மார்க்கரைத் திறந்தான்.

"ஓ மா! இன்னிக்குப் போய் எழுதறியா?"

வாசலில் மஞ்சள் புடவை, கையில் பூஜைப் பிரசாதமான கிச்சுடித் தட்டு. தீப்தி. முதலில் பெஞ்சைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் ஒளித்த கையை இழுத்து விரித்தாள். உள்ளங்கை நிறையக் கணக்கு.

பலகையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"கடைசி வரில மைனஸை விட்டுட்ட. இப்ப எந்தத் தூண்டா மறைச்சுது?"

பிரேம் எச்சில் தொட்டுத் தேய்த்தான். ம்ஹூம்.

"போகாதா? நல்லதாப் போச்சு. ஸ்கூல் தொறந்ததும் இதே கையோட மிஸ்கிட்ட வர்ற."