நல்ல ஆட்டத்துக்குப் பயந்தவர்

திருப்பூரில் என் மகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தவர் நெட்டையானவர். குளிரில் நிற்பவர்போல் எப்போதும் தோளைக் குறுக்கியிருப்பார். பனியன் கம்பெனி மேல்மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு. வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கித் துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுவார்.

ஒருநாள் அவரோடு ஆடிய மகள், தன் ராணியையே வெட்டக் கொடுத்து ஜெயித்தாள். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

“கண்ணு, நீயா யோசிச்சதா?”

“ஆமாங்க சார்.”

கம்ப்யூட்டர் சொல்லும் ஆட்டத்தைக் கேட்க அவள் காதில் கருவி ஏதும் இருக்கிறதா என்று அவர் எட்டிப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. வகுப்பு முடிந்ததும் கேட்டேன்.

“ஏனுங்க, உலக சாம்பியனால கூட கம்ப்யூட்டர ஜெயிக்க முடியாதுங்களா?”

“முடியாதுங்க. செல்போன்ல இருக்கற செஸ் ஆப்பே அவங்களத் தோக்கடிச்சுப்போடும். அதுகூடப் பரவால்லீங்க. இப்பெல்லாம் யாராச்சும் ரொம்ப நல்லா ஆடுனாலே எனக்குச் சந்தேகம் வந்துருதுங்க. உங்க புள்ள பொய் சொல்லலீங்க. ஆனா நம்பறதுக்குப் பயமா இருக்குதுங்க.”

சில மாதங்களில் வகுப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் ஒரு போட்டியில் மகள் கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தாள். நடுவர் அவளைச் சோதிக்கத் தனியறைக்கு அழைத்துப் போனார். ஒன்றும் இல்லை என்று தெரிந்து அவள் வெளியே வரும்வரை, எனக்கு அந்த வெளுத்த முகம்தான் கண்முன் நின்றது.