வரிசையில் ஐந்தாவது ஆள்

நானே எழுதி நானே நெறிப்படுத்திய நாடகத்துக்கு நானே பயந்துபோன கதை இது. யுத்த காலம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபம்.

அப்போது நான் அரங்கியல் விரிவுரையாளன். வெள்ளவத்தையில் வாடகை அறை. 'பார்வையாளரின் எதிர்ப்புக் குரல்' என்று இருநூறு பக்கத்துக்கு ஆய்வேடு எழுதியிருந்தேன். குறை ஒன்றே ஒன்றுதான்: எதிர்க்கிற பார்வையாளர் ஒருவர்கூட இன்னும் அகப்படவில்லை. ஒருவர் அகப்பட்டால் கலாநிதிப் பட்டம்.

அதற்காகத்தான் இந்த நாடகம். சோதனைச் சாவடியில் சனங்களை மறிப்பார்கள். பார்ப்பவர் யாருக்காவது பொறுக்காவிட்டால் "நிறுத்து!" என்று கத்தி, மேடையேறிக் கதையை மாற்றலாம். இதை மூன்று தரம் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சிப்பாய் வேடம் என் மாணவனுக்கு. சீருடை போட்டால் நிஜமாகவே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று வெறும் வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு டோர்ச். சபையைப் பார்த்து, "ஐடென்டிட்டி எக்க!" என்று சிங்களத்தில் அடையாள அட்டை கேட்டு அதட்டினான்.

"நிறுத்து" என்ற குரலுக்காகக் காத்திருந்தேன். கேட்டது கதிரைகள் அரைபடும் சத்தம். மண்டபம் முழுக்க எழும்பிவிட்டது. பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோர் கையிலும் அடையாள அட்டை, கொழும்பில் தங்கும் தமிழர் தவணைக்குத் தவணை புதுப்பிக்கவேண்டிய, நாலாக மடித்த பொலிஸ் பதிவுத் துண்டு. ஒரு தாய் தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டபடி, கைப்பையைத் தானாகவே திறந்து பிடித்திருந்தார்.

"ஐயோ, இது நாடகம், இருங்கோ" என்று வாயெடுத்தேன். பின்னால் நின்றவர் முதுகில் தட்டினார்.

"கதையாம நில்லும் தம்பி. எல்லாருக்கும் கரைச்சல்."

அப்போதுதான் கவனித்தேன். ஆண்கள் வரிசையில் நான் ஐந்தாவது ஆள். கையில் என் அட்டை, என் துண்டு. எப்போது எழும்பினேன், எப்போது எடுத்தேன், சத்தியமாகத் தெரியாது.

மாணவனின் முகம் வெளிறிவிட்டது. என்ன செய்வது என்று கண்ணாலேயே கேட்டான். நான் அட்டையை நீட்டினேன். பாவம், வேறென்ன செய்வான்? ஒவ்வொன்றாக வாங்கி, பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். கடைசி ஆளும் போய் உட்கார்ந்த பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆய்வேடு இன்னும் என் அலுமாரியில்தான் கிடக்கிறது. எதிர்ப்பைப் பற்றி யாராவது மேடையில் முழங்கினால், இன்றைக்கும் என் கை சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் மாணவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பம்பலப்பிட்டி தாண்டியதும் மெல்லச் சொன்னான்:

"குறை நினையாதேங்கோ சேர். உங்கட பொலிஸ் பதிவு போன மாசமே முடிஞ்சுது."