தரையில் ஒட்டிய மூன்று பட்டிகள்

எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு உள்ளே, சீமெந்துத் தரையில் மூன்று வெள்ளைப் பட்டிகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் ஓர் எட்டுத் தூரம். ஓரங்கள் கறுத்து எழும்பிவிட்டன. கூட்டும்போது விளக்குமாறு சிக்குகிறது. நானாவுக்காக நான் ஒட்டியவை.

நானா, என் மூத்த அண்ணன், உப்பளத்தில் வேலை செய்தவர். ஒடுங்கிய வரம்பில் உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கதைத்தபடியே நடப்பார். வருத்தம் பிடித்தபோது அவருக்கு முதலில் வலது கை நடுங்கியது. பிறகு நடை நின்றது, வேலையும் நின்றது. கதிரையிலிருந்து எழும்பி வாசல் வரை வருவார்; நிலையடியில் பாதங்கள் தரையோடு அறைந்ததுபோல் நின்றுவிடும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. "தண்ணியெல்லாம் இரிக்கி தம்பி, மதகுதான் திறக்குதில்ல" என்பார்.

புத்தளத்துக் கிளினிக்கில் டாக்டரம்மா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்றார். மூளையின் அடிப்பக்கத்தில் சில நரம்புத் திரள்கள் இருக்கின்றனவாம். நடப்பது, பொத்தான் போடுவது போன்ற பழகிய வேலைகளை நாம் யோசிக்காமலே செய்ய வைப்பது அவைதானாம். வேண்டாத அசைவுகளை அடைத்து வைத்து, வேண்டியதை மட்டும் திறந்துவிடும். அதற்கு டோபமின் என்றொரு பொருள் வேண்டும். அதைச் சுரக்கும் கலங்கள் அழிய அழிய, அடைப்பு இறுகிவிடும். சொல்லிக்கொண்டே எழும்பி வந்து, கதவடியில் உறைந்து நின்ற நானாவின் பாதங்களுக்கு முன்னால் தன் சப்பாத்தைக் குறுக்கே வைத்தார். "இதுக்கு மேலால காலை வையுங்க." நானா காலைத் தூக்கி வைத்து நடந்து போனார். கண்முன்னே ஒரு கோடு கிடந்தால், கட்டளை மூளையின் வேறு வழியால் காலுக்குப் போகுமாம். அன்றே பட்டிகளை ஒட்டினேன்.

கரைச்சல் வந்தது பள்ளிவாசலில். பள்ளி விரிப்பில் ஸஃப்புக்கு ஸஃப்பு, தொழ நிற்கும் ஒவ்வொரு வரிசைக்கும், ஒரு கோடு. வாசலில் என் தோளைப் பிடித்துத் தடுமாறியவர், விரிப்பில் கால் வைத்ததும் கோடு கோடாகக் கடந்து முன்வரிசைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், உப்பளத்தில் அவருக்குக் கங்காணியாக இருந்த ஹாஜியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வேலைக்கு நடக்க ஏலா, முன் ஸஃப்புக்கு மட்டும் ஓட ஏலும். நல்ல வருத்தம்தான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானாவின் முகம் அசையவில்லை. அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும். "பாருங்க, வெக்கம்கூட இல்ல" என்றார் இன்னொருவர்.

டாக்டரம்மா சொன்னதெல்லாம் என் நாக்கில் நின்றது. விரிப்பின் கோட்டைக் காட்டியிருந்தால் போதும். நான் குனிந்து செருப்பைத் தேடினேன். திரும்பும் வழியில் நானா ஒன்றுதான் சொன்னார்: "நீயாச்சும் சொல்லீக்கலாம் தம்பி."

நடிப்பு என்ற பேர் ஊரில் நிலைத்தது. அவர் அதன்பிறகு ஜும்ஆவுக்கு வரவில்லை. விடாமல் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நானா கதிரையோடு தங்கிவிட்டார். எனக்கு ஹாஜியார்மீது இருக்கும் ஆத்திரம் பாதிதான். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. நானாவின் காலை நிறுத்த ஒரு நோய் வேண்டியிருந்தது; என் வாயை நிறுத்த எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நானா மவுத்தானார். மவுத்து வீட்டுக்கு ஹாஜியாரும் வந்தார். பட்டிகளைத் தாண்டியவர் திரும்பிப் பார்த்து, "இது என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"வழுக்காம இரிக்க" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பட்டிகளைக் கழற்றச் சொல்லி என் மனைவி தினமும் சொல்கிறாள். கழற்றவில்லை. பெருநாளைக்கு ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வருவார். இன்னொரு தடவை கேட்கட்டும்.