வட்டத்து மண்

சித்தியின் சாம்பலைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது ஜெர்மனியில், மாடும் உருளைக்கிழங்குமாகக் கிடந்த ஒரு கிராமப்புற வட்டத்தின் அலுவலகம். அங்கே மாவட்டத்துக்கு அவர்கள் மொழியில் வட்டம் என்றே பேர் என்று சித்தி உயிரோடிருந்தபோது எழுதியிருந்தாள். நான் அதை நிஜ வட்டமாகவே நம்பினேன். கோலமாவில் இழுத்தது போல. உள்ளே போனவர் வெளியே வர முடியாதது போல. பிற்பாடு யோசித்தால், அது முழுக்கத் தவறும் இல்லை.

எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்த சித்தி, காடு பார்க்க வந்த வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்தது நாலு வருஷம். முதலில் காய்ச்சல் என்றார்கள், அப்புறம் ரத்தத்தில் நோய் என்றார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளைக்காரச் சித்தப்பாவும் அவருடைய அம்மாவும் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "தொரை கணக்கா இருக்காங்க, நம்ம லயத்துல குந்தி தேத்தண்ணி குடிக்கிறாங்க பாரு லா" என்றாள். அந்த அம்மாளின் கைகள் பால் கறந்து சிவந்தவை. அம்மாவின் கைகள் கொழுந்துக் கறை ஏறியவை. இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

சித்தப்பா பேசியது சித்தி கற்றுக்கொடுத்த எஸ்டேட் தமிழ். அவள் இழுக்கிற இடத்திலெல்லாம் அவரும் இழுத்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அங்க சாம்பல வீட்டுக்குக் குடுக்க மாட்டாங்கக்கா. இடுகாட்டுலதான் பொதைக்கணும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகணும்னா, எந்த இடுகாடுன்னு கடுதாசி கேட்டாங்க லா."

"ஆத்துல கரைக்கணும் தம்பி. ஆறு எப்படிக் கடுதாசி குடுக்கும்?"

அந்தக் கட்டத்தில் பிஸ்கட் வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம், எல்லாம் முடிந்த பிறகு கேட்டறிந்தது. சாம்பலை அங்கேயே புதைத்த அன்று அந்த ஊரே வரிசையில் வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டதாம். பால் வண்டிக்காரர், பாதிரியார், சித்தியோடு ஒரு வார்த்தையும் பேசியிராதவர்கள்கூட. அந்த மண்ணில் கொஞ்சத்தை அள்ளித் துணிப்பையில் கட்டிச் சித்தப்பாவின் அம்மா கொண்டுவந்திருந்தார். சாம்பல் இல்லாவிட்டால் இதையாவது விடியற்காலையில் ஆற்றில் கரைப்பது என்று முடிவானது. சாவு மண்ணை வீட்டுக்குள் வைக்கலாகாது என்று அம்மா அதைப் பின்பக்கத் தாழ்வாரத்தில், என் வெங்காயப் பாத்தியின் ஓரமாக வைத்தாள்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்தது நான். பையை அவிழ்த்தால் கறுப்பு மண், பொலபொலவென்று. எங்கள் மண் மஞ்சள், வெறும் களி. திரிங்காப் ஊர்க் காய்கறித் தோட்டக்காரர்கள் லாரியில் இறக்கும் நல்ல மண்ணைப் பார்த்து ஏங்கியவள் நான். வெள்ளைக்காரப் பாட்டி எனக்கென்று தன் தோட்டத்து மண் கொண்டுவந்திருக்கிறாள் என்று தோன்றிவிட்டது. பாத்தியில் கொட்டி, கட்டி இல்லாமல் கிளறி, நன்றாகவே கலந்தேன். எழுந்து வந்த அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

அடி விழவில்லை. அம்மா அப்படியே மண்டியிட்டு வெறுங்கையால் பாத்தியைத் தோண்ட ஆரம்பித்தாள். சித்தப்பா வந்தார். அவருடைய அம்மா வந்து, யாரும் விளக்காமலே, பக்கத்தில் மண்டியிட்டார். வெங்காயம், வேர், மழைத்தண்ணீர் எல்லாமாகக் கொழுந்துக் கூடையை நிரப்பி ஆற்றுக்குத் தூக்கிப் போனோம்.

ஆற்றில் கொட்டக் கொட்டக் கூடை காலியானது. அம்மாவின் கையில் கடைசிப் பிடி மட்டும் நின்றது. விட்டுவிடச் சொன்னார் சித்தப்பா.

"இதுல அவ இருக்காளான்னு தெரியலையே தம்பி."

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். கறுப்பே இல்லை. அம்மாவின் முழங்கையைத் தொட்டு, "கறுப்பு மண்ணெல்லாம் போயிடுச்சும்மா. இது நம்ம மண்ணுதான்" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு விரல்களைத் திறந்தாள்.

நான் ஆறுதல் சொன்னதாகத்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கை உன் கையில் இல்லை என்றல்லவா சொல்லியிருக்கிறேன்.