டேப் அக்காவும் நாற்பத்திரண்டு காயங்களும்

சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து டேப்பை இரண்டு சுற்று, பிறகு பல்லால் ஒரு கிழி. அடுத்து நகத்தை அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்க்கிறார். சிவந்தால், "போ." சிவக்காவிட்டால் பிரித்துவிட்டு முதலிலிருந்து. யாராவது அவசரப்பட்டால், "விரலு பத்துதான் இருக்கு, ஸ்பேர் கெடையாது" என்பார்.

பெண்கள் கல்லூரி வாலிபால் அணியின் மருத்துவ உதவியாளர் என்பது அவருடைய பதவி. டேப் அக்கா என்றால்தான் கல்லூரிக்குத் தெரியும். தோளில் ஒரு பை. அதில் டேப், கத்தரி, ஐஸ் பை, முனை மடங்கிய ஒரு நோட்டு. அணியில் யாருக்கு அடிபட்டாலும் தேதி, பெயர், இடம் மூன்றையும் ஒரே வரியில் முடித்துவிட்டு, 'எதனால்' என்பதற்கு மட்டும் நான்கு வரி எழுதுவார். ஐஸ் வைத்துக்கொண்டே விசாரணை நடக்கும். "கால் வழுக்குச்சுன்னா? எந்த எடத்துல? காட்டு." நொண்டிக்கொண்டு போய்க் காட்டியே ஆக வேண்டும்.

போன வருடம் ஒரு திருநங்கை அணியில் சேர்ந்தாள். கைநீட்டினாலே வலைக்கு மேலே போகும் என்பதால் அவளுக்கு ஏணி என்று பெயர். விளையாட்டுச் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஹார்மோன் அளவு பார்த்து அனுமதி கொடுத்திருந்தது. ஒரு நாள் பயிற்சியில் அவள் அடித்த பந்து, வலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த, அணியிலேயே குள்ளமான குட்டியின் மூக்கில் பட்டது. மறுவாரம் குட்டியின் அம்மா பதினோரு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி முதல்வரிடம் கொடுத்தார்: ஏணியை நீக்க வேண்டும், எங்கள் பெண்களின் பாதுகாப்பு முக்கியம்.

அதன் பிறகு ஏணி அடிக்கும் பந்தில் சத்தமே இல்லை. டேப் போட கை நீட்டியவள், "அக்கா, நான் மெதுவாவே அடிச்சுடறேனே" என்றாள்.

"பாதியில கைய இழுத்தா தோள்பட்டை போயிடும். அதையும் நான்தான் எழுதணும். ஒழுங்கா அடி."

முதல்வர் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டி, டேப் அக்காவிடம் பாதுகாப்பு அறிக்கை ஒரு பக்கம் கேட்டார். டேப் அக்கா கூட்டத்துக்கு நோட்டோடு போனார். பெற்றோர் ஒரு பக்கம், அணி ஒரு பக்கம். நடுவில் நின்று முதலில் வாசித்தது குட்டியின் மூக்கைத்தான். "ஏணி அடிச்ச பந்து. ரத்தம் நாலு நிமிஷம். ரெண்டு நாள் வீக்கம்."

"அப்போ நான் சொன்னது சரிதானே?" என்றார் குட்டியின் அம்மா.

"சரிதாம்மா. ரெண்டு வருஷத்துல மொத்தம் நாப்பத்திரண்டு காயம். மீதியையும் கேட்டுட்டுப் போங்க."

பத்தொன்பது பேர் ஒரே இடத்தில் வழுக்கியிருந்தார்கள். கூரை ஒழுகி, தரை ஈரமாகும் மூலை அது. பதினொரு பேர் பந்து 'என்னுது' என்று கத்தாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதியிருந்தார்கள். எட்டு பேருக்கு, வலையருகே பந்தைத் தடுத்ததில் விரல். மூக்கு நான்கு. அதில் மூன்று கேப்டன் அடித்தவை. கேப்டன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பேரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள்: அடிக்கும் பயிற்சி நடக்கும்போதே குனிந்து வேறு பந்து பொறுக்கிவிட்டு, வலையைப் பார்த்து நிமிர்ந்தது.

"ஆனாலும் அந்தப் பொண்ணோட வேகம் வேற இல்லையா?" என்றார் குட்டியின் அம்மா.

"அத டாக்டருங்க பாக்கறாங்க, அவங்க வேலை. யாரு எதனால அடிபட்டாங்கன்னு பாக்கறது என் வேலை. நாளைலேருந்து அடி நிக்காம யாரும் பந்து பொறுக்கக் கூடாது. யாரு அடிச்சாலும்."

குட்டியின் அம்மா நோட்டை வாங்கி, ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். "பத்தொம்பது பேரு விழுந்திருக்காங்க, ஒரு கூரைய மாத்த மாட்டீங்களா?" என்று முதல்வரிடம் திரும்பினார். பழைய கடிதம் அன்றே திரும்பப் பெறப்பட்டது. அதே பதினோரு பேர் புதுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மாதம் முடிவதற்குள் கூரையில் புதுத் தகடு ஏறியது. அதன் பிறகு ஒரு மூக்குகூட உடையவில்லை.

இந்த வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் மூன்று செட்டும் நமக்கே. கடைசிப் புள்ளிக்கான பந்தைக் குட்டி விழுந்து எடுத்துக் கொடுக்க, ஏணி அடித்தாள். முழு அடி. அரங்கின் மறுகோடி வரை கேட்டது.

பதக்கம் வாங்க ஒவ்வொருவராக அழைத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கைதட்டல். ஏணியின் ஒன்பதாம் எண் என்றதும் அரங்கம் அடங்கிப்போனது. எதிரணிப் பக்கம் சிலர் எழுந்து முதுகைக் காட்டி நின்றார்கள். ஏணி பாதி வழியில் நடையைக் குறைத்தாள்.

டேப் அக்கா பையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். நடுவரே திரும்பிப் பார்த்தார். நாற்காலி ஆடாமல் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார் குட்டியின் அம்மா.